மாட்டுக்கு வந்தது எந்தக் காமாலை?



மனிதருக்கு வருவது போல மாட்டுக்கும் மஞ்சள் காமாலை வரும். ஆனால் காமாலை தனி நோய் அல்ல. உள்ளே இருக்கும் வேறு நோயின் அடையாளம் அது.

தோலைப் பார்த்தால் தெரியாது. கீழ் இமையை மெல்ல இழுத்துப் பாருங்கள். கண்ணின் வெள்ளைப் பகுதியையும் பாருங்கள். பகலில் பார்க்க வேண்டும். விளக்கு வெளிச்சத்தில் எல்லாமே மஞ்சள்தான்!

மஞ்சள் தெரிகிறதா? கோளாறு ரத்தத்திலா, கல்லீரலிலா? இதுதான் கேள்வி.

உண்ணி கடித்தால் ரத்தத்தில் கிருமி சேரும். ரத்த அணுக்கள் உடையும். காய்ச்சல் 104 டிகிரிக்கு மேல் போகும். இமையின் உட்புறம் முதலில் வெளுக்கும், பிறகு மஞ்சளாகும். பல மாடுகளுக்கு மூத்திரம் காப்பித் தண்ணீர் போலப் போகும். இது ரத்தக் கோளாறு.

உண்ணிச்செடி வேறு. வேலியோரம் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்குமே, அதுதான். வெள்ளைக்காரர் காலத்தில் அழகுக்காக வந்த செடி. இன்று நாடு முழுவதும் பரவிவிட்டது. இமாசலப் பிரதேசத்தில் காங்கிரா மலையடிவாரத்திலும் இது புதராக மண்டிக் கிடக்கிறது. அங்கே பாலம்பூரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தின் கிளை இதன் நஞ்சைப் பற்றி ஆராய்ந்துள்ளது.

பழகிய மாடு இதைத் தொடாது. புல் காய்ந்த காலத்தில் பசியால் தின்னும். வெளியூரிலிருந்து வாங்கி வந்த மாடும் தெரியாமல் தின்னும். நஞ்சு கல்லீரலைத் தாக்கும். பித்தநீர் குடலுக்குப் போகாமல் ரத்தத்தில் கலக்கும். மாடு தீனி எடுக்காது, அசை போடாது. சாணி இறுகும். இரண்டு மூன்று நாளில் கண் மஞ்சளாகும். மூத்திரமும் கடும் மஞ்சளாகப் போகும். வெயிலில் நின்றால் மூக்கு, காது, தோலின் வெள்ளைத் திட்டுகள் வெந்து புண்ணாகும். இந்தப் புண் கல்லீரலைக் காட்டிக் கொடுக்கும்.

ஒரே அடையாளத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது. சில உண்ணிக் காய்ச்சலில் மூத்திரம் சிவக்காது. மருத்துவர் ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி, நுண்ணோக்கியில் பார்ப்பார். கிருமி இருந்தால் அதற்கு ஊசி உண்டு. செடி நஞ்சுக்கு அந்த ஊசி உதவாது.

சிலர் மாட்டுக்குச் சூடு போடுகிறார்கள். மஞ்சள் போகாது. புண்தான் மிச்சம்.

மாட்டை உடனே நிழலில் கட்டுங்கள். குடிக்கத் தண்ணீர் வையுங்கள். செடி வயிற்றில் இருக்கும்வரை நஞ்சு ஊறிக்கொண்டே இருக்கும். அதனால் நாள் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பல மாநிலங்களில் 1962 என்ற எண்ணுக்குப் பேசினால் நடமாடும் மருத்துவ வண்டி வரும். மாடு எங்கே மேய்ந்தது, எப்போது தீனியை விட்டது, மூத்திரம் என்ன நிறம் என்பதை மேய்த்தவரிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள்.