ஆட்டம் தெரிந்தால் படம் கிடைக்கும்

பள்ளிப் பிள்ளைகளின் போட்டி எங்கே நடந்தாலும் களத்தைச் சுற்றிப் பெற்றோரின் கைப்பேசிகளும் கேமராக்களும் உயர்ந்து நிற்கின்றன. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் சில படங்கள் கலங்கியிருக்கும், சிலவற்றில் பிள்ளையின் முதுகு மட்டும் தெரியும், சிலவற்றில் எல்லாம் முடிந்து பிள்ளை மண்ணைத் தட்டிக்கொண்டு நிற்கும். இன்னும் நல்ல கேமரா இருந்திருந்தால் என்று மனம் உடனே ஏங்கும். கலங்கலுக்குக் கருவி உதவும், மறுக்கவில்லை. முதுகுக்குக் கருவியால் ஒன்றும் செய்ய முடியாது, தாமதத்துக்கும் அது மட்டும் போதாது. அதற்குப் பிள்ளை ஆடும் ஆட்டத்தை நாம் கற்க வேண்டும். இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதுதான்.

கலங்கலைச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகிறேன். ஓடுகிற சிறுவன் நொடிக்கு 6 மீட்டர் போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் ஒரு நொடியில் 60-ல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், அதற்குள் அவன் 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவான், முகமே இழுபட்டுப்போகும். 1000-ல் ஒரு பங்காகக் குறைத்தால் நகர்வது 6 மில்லிமீட்டர்தான். வெயிலில் இந்த வேகம் எளிது. உள்ளரங்கில்தான் சிக்கல். நேர் வெயிலின் வெளிச்சம் சுமார் 1,00,000 லக்ஸ் என்றால், விளக்கு போட்ட பள்ளி அரங்கில் சில நூறு லக்ஸ் இருக்கும். கேமராவின் ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ அளவை 3200, 6400 என்று ஏற்றித்தான் ஆகவேண்டும். படம் புள்ளி புள்ளியாக வரும். வரட்டும், முகம் தெளிவாக இருந்தால் போதும். ஃபிளாஷ் மட்டும் வேண்டாம், ஆடுகிற பிள்ளைக்குக் கண் கூசும்.

இனித் தாமதம். கண்ணால் கண்டதும் விரல் அழுத்துவதற்கு மனிதருக்கு ஏறத்தாழக் கால் நொடி பிடிக்கிறது. ஓட்டப் பந்தயத்தில் துப்பாக்கி ஒலித்த 0.1 நொடிக்குள் ஒருவர் கிளம்பினால் அதைத் தவறான தொடக்கம் என்றே உலகத் தடகள விதி கொள்கிறது. பயிற்சி பெற்ற வீரருக்கே வரம்பு அது. நம் சிறுவனோ கால் நொடியில் ஒன்றரை மீட்டர் தாண்டியிருப்பான். ஆகவே நடந்ததைப் பார்த்து அழுத்துகிறவருக்குப் படம் தப்பும். நடக்கப்போவது தெரிந்தவருக்குக் கிடைக்கும். இதற்கு ஒரு பழைய சான்று: 1878-ல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் மைபிரிட்ஜ் பாய்ந்தோடும் குதிரையைப் படமெடுத்தார். அது எந்தத் தடத்தில் வரும் என்பது அவருக்குத் தெரியும். தடத்தின் ஓரமாக 12 கேமராக்களை நிறுத்தி, குறுக்கே நூல் கட்டி வைத்தார். குதிரை நூலை அறுத்துக்கொண்டு ஓட, ஒவ்வொரு ஷட்டராக இயங்கியது. நான்கு கால்களும் தரையில் படாத கணம் ஒன்று உண்டு என்பதை உலகம் ஐயமில்லாமல் கண்டது அன்றுதான்.

நம் பிள்ளைகள் ஆடும் கபடியில் இந்த முன்னறிவு எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்று பாருங்கள். பாடிப் போகிறவருக்கு 30 நொடிதான். அதற்குள் அவர் நடுக்கோட்டுக்குத் திரும்பியாக வேண்டும். எதிரணியின் பக்கம் போகும்போது அவருடைய முகம் அந்தப் பக்கம் இருக்கும். பிடியிலிருந்து திமிறிக் கோட்டை நோக்கிக் கை நீட்டும்போது தன் அணியின் பக்கம் திரும்பியிருக்கும். அந்த முகம்தானே நமக்கு வேண்டும்? அப்படியானால் உங்கள் பிள்ளை பாடிப் போகிறவராக இருந்தால், அவருடைய அணியின் கடைக்கோட்டுக்குப் பின்னால், மூலையோரமாக நில்லுங்கள். பிடிக்கிற பிள்ளை என்றால் எதிர்ப்புறம் போக வேண்டும், ஏனென்றால் அவர் நடுக்கோட்டைப் பார்த்தே நிற்பார். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும். நீங்களும் மாற வேண்டும். கபடி குனிந்து ஆடும் ஆட்டம் என்பதால், நின்றுகொண்டு எடுத்தால் உச்சந்தலைதான் விழும், முட்டிபோட்டு உட்காருங்கள். இன்னொன்று: எதிரணியில் 6 பேரோ 7 பேரோ இருக்கும்போது போனஸ் புள்ளி உண்டு. அதற்காக ஒரு கால் போனஸ் கோட்டைத் தாண்டி நீளும், மறுகால் தரையைவிட்டு எழும். பாடிப் போகிறவர் நிலை தளர்ந்திருக்கும் அந்த நேரம் பார்த்துத்தான் கார்னரில் நிற்கிறவர் கணுக்காலைப் பிடிக்கப் பாய்வார். விதி தெரிந்தவர் கால் நீளும்போதே விரலைத் தயாராக வைத்திருப்பார். போராட்டம் தொடங்கினால் பக்கவாட்டில் உள்ள லாபி என்ற பட்டையும் களத்தோடு சேரும், ஆட்கள் உருண்டு வருவார்கள். அதனால் கோட்டை ஒட்டி உட்காராதீர்கள்.

நொடிக்கு 20 படம், சில கேமராக்களில் 120 படம் கூட எடுக்கலாமே, அழுத்துவதற்கு முந்தைய காட்சியையும் சேமிக்கும் வசதி வந்துவிட்டதே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், தாமதத்தை அது பெருமளவு ஈடுகட்டும். ஆனால் தவறான பக்கத்தில் நிற்பவருக்கு அது நொடிக்கு 120 முதுகுகளைத்தான் தரும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: படமெடுப்பதிலேயே குறியாக இருந்தால் பிள்ளையின் ஆட்டத்தைப் பார்ப்பது எப்போது? இதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹென்கெல் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருட்களைப் படமெடுத்தவர்கள், வெறுமனே பார்த்தவர்களைவிடக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் ஒரு பகுதியை நெருக்கிப் படமெடுத்தவர்களுக்கு இந்த இழப்பு ஏற்படவில்லை. அது அருங்காட்சியகம், இது ஆடுகளம், இரண்டும் ஒன்றாகிவிடாது. ஆயினும் கண்டபடி அழுத்துவதும் கவனித்து எடுப்பதும் வேறுவேறு என்பதற்கு அது நல்ல சான்று. ஆட்டம் படிக்கிற பெற்றோர் படத்துக்காகவே கூர்ந்து பார்க்கிறார்கள். அவர்கள் இழப்பது குறைவு என்றே நான் நம்புகிறேன்.

நேரம் முடிகிறது. அடுத்த போட்டிக்குப் போகுமுன் உங்கள் பிள்ளையிடமே விதிகளைக் கேளுங்கள், பயிற்சியாளரிடம் எங்கே நிற்கலாம் என்று கேளுங்கள். முதல் பாதியைக் கேமரா இல்லாமல் பாருங்கள், இரண்டாம் பாதியில் எடுங்கள். மற்ற பிள்ளைகள் இருக்கும் படத்தை அவர்களுடைய பெற்றோரின் சம்மதம் இல்லாமல் யாருக்கும் அனுப்பாதீர்கள்.