வாத்தியாருக்கு யூனியன் உண்டா?

போன எபிசோட்ல ஐ.டி. கம்பெனிகள்ல ஆள் குறைக்கிறதைப் பத்திப் பேசினோம் இல்லையா? அதைக் கேட்டுட்டு மன்னார்குடியிலேருந்து ஒரு அண்ணன் எழுதியிருந்தார்: "நான் இன்ஜினியரிங் காலேஜ்ல பாடம் நடத்துறேன். எங்களுக்கு யூனியன் உண்டா தம்பி?"

படிச்சதும் எங்க டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் சார்தான் ஞாபகத்துக்கு வந்தார். தஞ்சாவூர் பக்கம், சுத்தி வயல் இருக்கிற ஒரு காலேஜ்லதான் நான் படிச்சேன். நான் மூணாவது வருஷம் படிக்கும்போது சாருக்கு நாலு மாசம் சம்பளம் வரலை. வேற இடத்துக்குப் போகலாம்னா, ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் ஆபீஸ் பீரோவுல. "என் பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட்டைப் பார்த்தே ரெண்டு வருஷம் ஆச்சுடா"ன்னு டீக்கடையில சிரிச்சுக்கிட்டே சொன்னார். நாங்களும் சிரிச்சோம்.

அன்னைக்கு அந்தக் காலேஜ் பஸ் டிரைவரை வேலையை விட்டு நிறுத்தியிருந்தா, அவர் லேபர் கோர்ட்டுக்குப் போயிருக்கலாம். சார் போயிருக்க முடியாது. ஏன்?

கல்வி நிறுவனமும் ஒரு 'தொழில்'தான்னு 1978ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. ஆனா 1988ல, கோவாவுல வேலை இழந்த சுந்தராம்பாள் என்ற பள்ளி ஆசிரியையின் வழக்குல, ஆசிரியர் 'தொழிலாளி' இல்லைன்னு தீர்ப்பு வந்தது. உடலுழைப்பு, தொழில்நுட்ப வேலை, எழுத்தர் வேலைன்னு 1947ஆம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டம் போட்ட பட்டியல்ல கற்பித்தல் அடங்காது. அது உன்னதமான பணி என்பதுதான் காரணம். அந்தச் சட்டத்துக்குப் பதிலா 2025 நவம்பர்ல நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புல பத்திரிகையாளர் பேர் இருக்கு, விற்பனைப் பிரதிநிதி பேர் இருக்கு. ஆசிரியர் பேர் இல்லை.

அதுக்காகச் சங்கமே வைக்க முடியாதுன்னு அர்த்தம் இல்லை. அந்த உரிமையை அரசியலமைப்பின் 19ஆவது பிரிவே கொடுக்குது. தமிழ்நாட்டுல ஏ.யு.டி., மூட்டா, அரசுக் கல்லூரி ஆசிரியர் கழகம்னு பழைய சங்கங்கள் இருக்கு. ஆனா அவங்க பலம் பெரும்பாலும் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகள்லதான். சுயநிதிக் கல்லூரியில சங்கம்னு வாயெடுக்கவே பயம்.

சங்கத்தால என்ன ஆகும்னு கேட்டா, பணிக்கொடையைப் பாருங்க. ஆசிரியருக்குக் கிராஜுவிட்டி கிடையாதுன்னு 2004ல உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கை நடத்தித் தோத்தது ஆமதாபாத் தனியார் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களோட சங்கம். 2009ல நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்துச்சு, 1997 ஏப்ரல் 3லேருந்தே செல்லும்னு. தனியார் பள்ளிகள் எதிர்த்து வழக்குப் போட்டும், 2022ல உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும்னு சொல்லிடுச்சு. இன்னைக்கு அஞ்சு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்த ஆசிரியர், வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் வீதம் கேட்டு வாங்கலாம். நிறைய பேருக்கு இது தெரியவே தெரியாது.

எங்க சாரோட தாத்தா பண்ணையாளா இருந்தவர். இந்த டெல்டாவுல 1940கள்லேயே பண்ணையாட்கள் செங்கொடிச் சங்கத்துல சேர்ந்தாங்க. மிராசுதார் இஷ்டத்துக்கு அவங்களை வெளியேத்தாம இருக்க 1952ல தஞ்சைக்குன்னே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. எழுதப் படிக்கத் தெரியாத தாத்தாவுக்குச் சங்கம் இருந்தது. எம்.இ. படிச்ச பேரன் தன்னந்தனியா நின்னார். கடைசியில மூணு மாசச் சம்பளத்தை விட்டுக்கொடுத்துத்தான் சர்டிபிகேட்டை வாங்கிட்டுப் போனார். வகுப்புல அறுபது பேர் இருந்தோம். ஒருத்தர்கூட அவருக்காக ஒரு வார்த்தை கேட்கலை.

அதனால, அண்ணே, என் பதில் இதுதான். நியமன ஆணை, சம்பளம் ஏறின பேங்க் ஸ்டேட்மென்ட் ரெண்டையும் வீட்டுல பத்திரமா வைங்க. ஒரிஜினலைப் பிடிச்சு வைக்கக் கூடாதுன்னு ஏ.ஐ.சி.டி.இ.யே சொல்லியிருக்கு; அதை எழுத்துல கேளுங்க. ஆனா தனியாப் போய்க் கேட்காதீங்க. ஸ்டாஃப் ரூம்ல இன்னும் நாலு பேரைச் சேர்த்துக்கிட்டுப் போங்க. யூனியன் அங்கதான் ஆரம்பிக்குது.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.