கைப்பேசி சொன்னால் போதுமா?
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



நம்மில் பலர் தோட்டத்தை விட்டுக் கம்போங் மேடானுக்கு வந்த குடும்பத்தார். பால்மரக் காடு செம்பனையாகி, பிறகு வீடமைப்பு நிலமானபோது, உள்மரத்தில் காயம் படாமல் பட்டை சீவத் தெரிந்த கைகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. வேறு தொழில் கற்க அன்று பலருக்கு வழியில்லை. நம் பிள்ளைகளுக்கும் அந்த நிலை வரலாமா?

இப்போது செயற்கை நுண்ணறிவு கணக்கு எழுதுகிறது, கடிதம் எழுதுகிறது. கிராணி வேலையே ஆட்டங்காணும் போலிருக்கிறது! 2024 ஜனவரியில் அரசாங்கம் 'ஏஐ உந்துக் ரக்யாட்' என்ற இலவச இணையப் பாடத்தைத் தொடங்கியது, தமிழிலும் தந்தது. எத்தனை பேர் பார்த்தோம்? (கை தூக்கச் சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க.)

அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்துத்தான் அந்த யந்திரம் பேசுகிறது. அதனால் தெரியாததையும் தெரிந்தது போலச் சொல்லிவிடும். விடையை அப்படியே நோட்டில் எழுதும் பிள்ளை எதையும் கற்கவில்லை; சரிபார்க்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் நாளை வேலை.

தாய்மார்களே, இன்றிரவே மரம் சீவுவதைப் பற்றிக் கைப்பேசியிடம் கேட்கச் சொல்லுங்கள். பிள்ளை வாய்விட்டுப் படிக்கட்டும். "இது சரி, இது தப்பு. விடியுமுன்னே ஏன் வெட்டுவோம் தெரியுமா? வெயில் ஏறினா பால் ஓட்டம் குறைஞ்சிடும்" என்று சொல்லுங்கள்.

மாணவர்களே, அம்மா சொன்னதையும் கைப்பேசி சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, திங்கட்கிழமை வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.