ஈகைக்குத் திறந்த வாயில்

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது முதியோர் வாக்கு. கொடுப்பதற்கு மனம் போதும். கொடுத்தது சேரவேண்டிய இடத்திற் சேர்ந்ததா என்று அறிவதற்கோ கணக்கு வேண்டும். இணையத்தின் வழியே நன்கொடை வழங்கப்படும் இக்காலத்திலே, கொடையையும் கணக்கையும் ஒருங்கே இணைக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. தரும ஸ்தாபனங்களும் மென்பொருள் ஆக்குவோரும் அதனைக் கைக்கொள்வது நன்மை பயக்கும்.

பிரித்தானியாவில் 2000 ஆம் ஆண்டிலே ஸரீன் கராஸ், ஆன்-மரி ஹூபி என்னும் பெண்மணிகள் இருவர் 'ஜஸ்ட்கிவிங்' என்ற நிதி திரட்டும் தளத்தை நிறுவினர். நெடுந்தூரம் ஓடுபவரோ மலையேறுபவரோ அங்கே தம் பெயரில் ஒரு பக்கத்தைத் திறந்து, தாம் விரும்பும் தருமத்திற்காக உற்றாரிடம் பொருள் வேண்டலாம். 2020 ஆம் ஆண்டில், நூறாவது பிறந்த நாளை எதிர்நோக்கியிருந்த கப்டன் டொம் மூர், தமது தோட்டத்தை 100 முறை நடந்து கடந்து 1,000 பவுண் திரட்ட எண்ணினார். பதினைந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் வழங்கவே, 3 கோடியே 20 இலட்சம் பவுணுக்கும் அதிகமான தொகை அந்நாட்டுச் சுகாதார சேவையைச் சார்ந்த தருமங்களுக்குச் சேர்ந்தது.

இத்தகைய தளத்தைக் கொடையாளரே தேடிச் செல்லவேண்டும் என்பதில்லை. பிற மென்பொருள்கள் அதனோடு தொடர்புகொள்வதற்கென வகுக்கப்பட்ட முறையே ஏ.பி.ஐ. எனப்படுவது. வங்கிக்குச் செல்பவர் பெட்டக அறையுள் நுழைவதில்லை. கருமபீடத்திலே உரிய படிவத்தை நீட்டுகிறார். உள்ளிருப்போர் ஏட்டைப் பார்த்து விடை தருகின்றனர். ஏ.பி.ஐ.யும் அத்தகையதொரு கருமபீடமே.

மென்பொருள் ஆக்குவோர் முதலிலே தமது செயலிக்கென ஓர் அடையாளக் குறியைப் பெறுவர். அதனைக் காட்டித் தருமம் ஒன்றின் விபரத்தைக் கேட்கலாம். புதிய நிதிப் பக்கத்தைத் திறக்கலாம். அதிற் சேர்ந்த தொகையை அறியலாம். கொடை வழங்க விரும்புபவர் செயலியிலிருந்து தளத்துக்கு அனுப்பப்படுகிறார். அங்கே பணம் செலுத்தியபின், நன்கொடை இலக்கம் ஒன்றுடன் திரும்புகிறார். அவருடைய வங்கி அட்டையின் விபரம் செயலியின் கைக்கு வருவதேயில்லை. ஆயினும் அவ்விலக்கத்தைக் கொண்டு, பணம் ஏற்கப்பட்டதா, தொகை எவ்வளவு என்பவற்றைச் செயலி உறுதிசெய்துகொள்ளும். அளந்து போடுதல் என்பது இதுவன்றோ!

சிறிய தருமங்களுக்கே இதன் பயன் பெரிது. பிரித்தானியாவில் வரி செலுத்தும் ஒருவர் உரிய உறுதிமொழியுடன் 1 பவுண் வழங்கின், தருமம் அரசாங்கத்திடமிருந்து மேலும் 25 பென்ஸ் பெறலாம். உறுதிமொழிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து விண்ணப்பிப்பது, ஓரிரு ஊழியரே உள்ள அலுவலகத்துக்குப் பெருஞ்சுமை. அப்பணியைத் தளம் ஏற்று, நன்கொடை விபரம் தருமத்தின் கணக்கேட்டிலே தானாகப் பதிவாகுமாயின், எழுதுவினைஞரின் நேரம் நோயாளருக்கும் அநாதைச் சிறுவருக்கும் உதவும்.

பிறர் தளத்தை நம்பியிருத்தல் தகுமோ என்று சிலர் ஐயுறலாம். அவ்வையம் நியாயமானதே. 2009 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'வேர்ஜின் மணி கிவிங்' என்னும் இலாப நோக்கற்ற தளம், 2021 நவம்பர் 30 ஆம் திகதியுடன் தன் சேவையை நிறுத்திற்று. அதனைச் சார்ந்திருந்த தருமங்கள் வேறிடம் நாட நேர்ந்தது. ஆதலின், தளத்தோடு பேசும் பகுதியை மென்பொருளிலே தனியாக அமைத்துவைப்பது விவேகம். தளம் மாறினும் அப்பகுதியை மட்டும் மாற்றினாற் போதும். நன்கொடைக் கணக்கின் பிரதியொன்றையும் தருமம் தன்னிடத்தே பேணல் வேண்டும். பெயரை வெளியிட விரும்பாத கொடையாளரின் விருப்பத்தைச் செயலி மதித்தல் இன்றியமையாதது. உண்மைப் பணம் கைமாறாத பரீட்சார்த்தத் தளத்திலே யாவற்றையும் சோதித்தபின்னரே பொதுமக்கள் முன் வைத்தல் முறையாகும்.

தருமத்தை நடத்துவோருக்கு மென்பொருள் நுட்பம் தெரியாதிருக்கலாம். மென்பொருள் ஆக்குவோருக்குத் தருமத்தின் தேவை தெரியாதிருக்கலாம். ஆகவே இரு சாராரும் ஒரு மேசையில் அமர்ந்து முதலிற் கேட்கவேண்டிய வினா ஒன்றே: கொடுக்க எண்ணிய மனிதர் எந்த இடத்திலே தயங்கி நின்றுவிடுகிறார்? அந்த இடத்தைக் கண்டறிந்து அங்கே ஒரு வாயிலைத் திறந்துவிடின், கொடுக்க எண்ணியவரின் கை தயங்காது நீளும்.