டிஸ்க்ல கோடு விழுந்தா உடனே மாத்தணுமா?

இந்த வாரம் வந்த வாய்ஸ் நோட்ஸ்ல ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்திருக்கு. "வண்டியை சர்வீஸுக்கு விட்டேன். முன்பக்க டிஸ்க் ரெண்டுலயும் கோடு விழுந்திருக்கு, டிஸ்க், பேட் எல்லாமே மாத்தணும்னு எஸ்டிமேட் அனுப்பியிருக்காங்க. ஓகே சொல்லலாமா?" பிரேக்னு சொன்னதுமே நமக்குப் பயம் வந்துடும். அந்தப் பயத்துல ஓகே சொல்லவும் வேண்டாம், காசு மிச்சம்னு வேண்டாம்னு சொல்லவும் வேண்டாம். அந்தக் கோட்டை எப்படிப் படிக்கிறதுன்னு இன்னைக்குப் பார்ப்போம்.

டிஸ்க்குங்கிறது வார்ப்பிரும்பு. பிரேக் மிதிச்சா ரெண்டு பக்கமும் பேட் வந்து அதைக் கவ்வும். உரசித்தான் வண்டி நிக்குது. அதனால மெல்லிசான வட்டக் கோடுகள் ஓடின எல்லா டிஸ்க்லயும் இருக்கும். மழையில நின்ன வண்டியோட டிஸ்க் காலையில துருப்பிடிச்சு ஆரஞ்சு கலர்ல இருக்கும், நாலு தடவை பிரேக் பிடிச்சா போயிடும். இது ரெண்டுமே நோய் இல்ல.

டிஸ்க் நல்லா ஆறின பிறகு, நகத்தை உள்ளேயிருந்து விளிம்பு நோக்கி மெதுவா இழுங்க. வழுக்கிட்டுப் போனா பெரிய கவலை இல்ல. டக்குனு மாட்டிக்கிட்டா அது பள்ளம். இப்போ காரணம் தேடணும்.

ஒரே ஒரு ஆழமான கோடுன்னா, பேட்ல கல்லோ மணலோ சிக்கியிருக்கலாம். பேடைக் கழட்டி அதே இடத்துல பார்த்தா தெரிஞ்சிடும். முழு முகமும் உழுத மாதிரி இருந்து, பிரேக் பிடிச்சா கரகரன்னு சத்தம் வந்தா, பேட் தேஞ்சு அதோட இரும்புத் தகடு டிஸ்க்கை அறுக்குது. பல பேட்கள்ல ஒரு சின்னத் தகடு இருக்கும். பேட் தீரப்போற நேரத்துல அது டிஸ்க்ல உரசி 'கீச்'னு கத்தும். கீச் சத்தம் எச்சரிக்கை. கரகர வந்துட்டா எஸ்டிமேட் பத்தி யோசிக்காதீங்க, வண்டியை நிறுத்துங்க.

நிறைய பேர் தவற விடுறது டிஸ்க்கோட உள்பக்கம். அலாய் வீல் இடுக்கு வழியா தெரியறது வெளிப்பக்கம் மட்டும்தான். பெரும்பாலான சின்னக் கார்கள்ல கேலிப்பரோட பிஸ்டன் உள்பக்கம்தான் இருக்கும். கேலிப்பர் கைட் பின் மேல நகர்ந்தாதான் வெளிப்பக்கப் பேடும் அழுத்தும். அந்தப் பின் கிரீஸ் வத்தி இறுகிப்போச்சுன்னா, உள்பக்கப் பேட் மட்டும் வேகமா தேயும். வெளியே கண்ணாடி மாதிரி, உள்ளே பள்ளம். அதனால வீலைக் கழட்டாம முடிவு சொன்னா நம்பாதீங்க.

நீலம் பாய்ஞ்சிருந்தா அதிகமா சூடாகியிருக்கு. கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவையும் கியர் குறைக்காம பிரேக்லயே இறங்கினா இப்படி ஆகலாம். பிரேக்கை விட்ட பிறகும் பேட் விலகாம ஒட்டிக்கிட்டே ஓடினாலும் ஆகும். பிரேக் பிடிச்சா ஸ்டீயரிங் உதறுது, பெடல் துடிக்குதுன்னா, அது பெரும்பாலும் டிஸ்க்கோட தடிமன் இடத்துக்கு இடம் மாறுறதால வர்ற பிரச்சினை. கோடு வேற, அது வேற.

அடுத்தது அளவு. டிஸ்க்லயே குறைந்தபட்சத் தடிமன் மில்லிமீட்டர்ல பொறிச்சிருப்பாங்க. உதாரணத்துக்கு, புதுசா 22 மிமீ இருக்கிற டிஸ்க்ல 20னு இருக்கலாம். உங்க டிஸ்க்ல இருக்கிற எண்தான் கணக்கு. வெர்னியர் வெச்சு அளக்கும்போது தேயாத விளிம்பு இடிச்சு, அதிகமா காட்டும். ஒரே மாதிரி நாணயம் ரெண்டு எடுத்து, ரெண்டு பக்கமும் ஒண்ணு வெச்சு அளந்துட்டு, நாணயத் தடிமனைக் கழிச்சிடுங்க. பள்ளத்தோட அடி இதைவிட மெல்லிசுங்கிறதையும் மறக்காதீங்க.

குறைந்தபட்சத்தைத் தொட்டுட்டா மாத்தியே ஆகணும், இடது வலது ரெண்டையும் சேர்த்து. தடிமன் மிச்சம் இருந்து பள்ளம் ஆழம்னா, லேத்துல டர்னிங் போடலாம். ஆனா டர்னிங்குக்கு அப்புறமும் அந்த எண்ணுக்கு மேல இருக்கணும். லேசான கோடுன்னா, காரணத்தைச் சரி பண்ணி புது பேட் போட்டாலே பல நேரம் போதும்.

சர்வீஸ் அட்வைசர்கிட்ட நாலு விஷயம் கேளுங்க: "உள்பக்கம் போட்டோ அனுப்புங்க. டிஸ்க் எத்தனை மிமீ இருக்கு? உள் பேட், வெளி பேட் தனித்தனியா எவ்வளவு மிச்சம்? கைட் பின் ஃப்ரீயா நகருதா?" நாலாவதுதான் முக்கியம். இறுகின பின்னை விட்டுட்டு டிஸ்க்கை மட்டும் மாத்தினா, பக்கை விட்டுட்டு சர்வரை ரீஸ்டார்ட் பண்ற கதைதான். புது டிஸ்க்கும் அதே மாதிரி தேயும்.

நாலுக்கும் தெளிவான பதில் வந்தா தயங்காம ஓகே சொல்லுங்க. வேற சந்தேகம் இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம்.