வாக்கி-டாக்கியில் சேனல் கூட்டுவது பற்றி

(மழைக்கால நிவாரணத் தொண்டர்களுக்கான பயிற்சி முகாமில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது பல இடங்களில் செல்போன் கோபுரங்களும் ஓய்ந்துபோயின. எந்தத் தெருவில் ஆள் சிக்கியிருக்கிறார், சமையற்கூடத்தில் எத்தனை பொட்டலம் தயார் என்று கேட்கக்கூட வழியில்லாமல் உதவப் போனவர்கள் தவித்தார்கள். அப்படி ஒரு நிலை நம் ஊருக்கு வந்தால் கைகொடுக்கட்டும் என்றுதான் அறக்கட்டளை பன்னிரண்டு வாக்கி-டாக்கிகளை வாங்கி வைத்திருக்கிறது. பெருநாள் தொழுகைத் திடலில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தவும் அவை பயன்படுகின்றன.

இப்போது தம்பிகள் ஒரு கோரிக்கை வைத்திருக்கிறார்கள். எட்டு சேனல் போதவில்லையாம். ஒரு கேபிளும் கம்ப்யூட்டரும் இருந்தால் நூறு சேனலுக்கு மேல் ஏற்றலாம் என்று வீடியோவில் பார்த்தார்களாம். ஏற்ற முடியும் என்பது உண்மைதான். எவற்றை ஏற்றலாம் என்பதைத்தான் பேச வேண்டியிருக்கிறது.

சேனல் என்பது கருவியின் நினைவில் எழுதி வைத்த ஓர் அலைவரிசை எண், அவ்வளவே. நம் நாட்டில் உரிமம் இல்லாமல் இத்தகைய கருவியில் பேச 2018ஆம் ஆண்டு விதிகள் ஒதுக்கிய இடம் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை. அதுவும் அரை வாட் சக்திக்குள். அரசின் வகை ஒப்புதல் பெற்ற கருவியில். அந்தச் சிறிய இடத்தை 12.5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் பிரித்தால் பதினாறு சேனல் கிடைக்கும். முதலாவது 446.00625, கடைசி 446.19375. பழைய செட்டுகளில் இவற்றில் முதல் பாதியான எட்டு மட்டுமே இருக்கும். நம்முடையவை அந்த வகை. ஆகவே எட்டைப் பதினாறாக்கலாம். பதினேழாவதற்கு இடமில்லை.

"பெட்டியில் 128 சேனல் என்று போட்டிருக்கிறதே?" என்று ஒரு தம்பி கேட்டார். சில பெட்டிகளில் அது அலைவரிசையோடு டோனைச் சேர்த்துக் கணக்குக் காட்டுவது. டோன் என்பது பேச்சோடு சேர்ந்து போகும், காதில் விழாத மெல்லிய ஒலி. அதே டோன் வைத்த செட் மட்டும் வாய் திறக்கும். மற்றவை மௌனமாக இருக்கும். ஆனால் அலைவரிசை ஒன்றுதான். படகுக் குழுவும் சமையற்குழுவும் ஒரே அலைவரிசையில் வேறு வேறு டோனில் இருந்தால், ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினால் ஒருவர் பேச்சை மற்றவர் பேச்சு கெடுத்துவிடும். கேட்காததால் யாரும் இல்லை என்று நினைத்து அழுத்துவார்கள். ஆபத்து அங்கேதான். டோன் ரகசியமும் இல்லை. டோன் வைக்காத செட்டில் எல்லாப் பேச்சும் கேட்கும். நிவாரணம் கேட்பவர் வீட்டுச் சங்கதியை அதில் பேசாதீர்கள்.

ஏற்றும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். முதலில் கருவியில் இருப்பதைக் கம்ப்யூட்டருக்குப் படித்தெடுத்து, அந்தக் கோப்பைத் தொடாமல் தனியாகச் சேமிக்க வேண்டும். ஏதாவது பிசகினால் அதைத் திருப்பி ஏற்றித்தான் மீள முடியும். பிறகு ஒரு பிரதியில் புதிய எண்களை எழுதி, ஒவ்வொன்றிலும் குறுகிய அகலம் என்பதைத் தேர்ந்து, கருவிக்கு அனுப்ப வேண்டும். அகலத்தை 25 என்று விட்டால் பக்கத்துச் சேனலில் நம் சத்தம் வழியும். ஒரு மாடலின் கோப்பை இன்னொரு மாடலில் ஏற்றவே கூடாது. எழுதும்போது கேபிளை இழுக்கவும் கூடாது. "கருவி தெரியவில்லை" என்று கம்ப்யூட்டர் சொன்னால் செட்டைக் குறை சொல்வதற்கு முன் கேபிள் முள் முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். பாதி சமயம் அதுதான் கோளாறு.

நம் பன்னிரண்டு செட்டுகளையும் விற்ற கடைக்காரரிடமே கொடுத்துப் பதினாறாக்கச் சொல்லியிருக்கிறோம். சக்தி அரை வாட்டிலேயே இருக்கும். யாரும் வீட்டுக்கு எடுத்துப்போய்க் கேபிள் மாட்ட வேண்டாம்.

இன்னொன்று. வெளிநாட்டிலிருந்து வந்த சகோதரர் ஒருவர் அன்போடு நான்கு பாவ்ஃபெங் 888 செட்டுகளை அனுப்பியிருக்கிறார். அவை அரை வாட்டைத் தாண்டியவை. 400 முதல் 470 வரை எந்த எண்ணையும் ஏற்றுக்கொள்ளும். ஆலையிலேயே ஏற்றி வரும் எண்களில் பல 462க்கு மேற்பட்டவை. 446 எண்ணை ஏற்றினாலும் கருவி சட்டப்படியானதாக ஆகிவிடாது. ஹதியாவாக வந்தாலும் அவற்றை உபயோகிப்பதில்லை என்று முடிவு செய்து, பெட்டியை ஒட்டி வைத்திருக்கிறோம்.

இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு? 1933ஆம் ஆண்டின் சட்டம் முதலே உரிமமும் விலக்கும் இல்லாத கம்பியில்லாக் கருவியை வைத்திருப்பதே குற்றம். பேசியிருக்க வேண்டும் என்பதில்லை. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் அதை அனுமதிக்கவில்லை. சோதனையில் பிடிபட்டால் "நிவாரணத்துக்குப் போனோம்" என்பது பதிலாகாது. சுற்றி வளைக்காமல் சொல்கிறோம்: நம் பிள்ளை கையில் அனுமதியற்ற வாக்கி-டாக்கி, அதில் காவல்துறை அலைவரிசை என்று ஒரு செய்தி வந்தால், அவன் படிப்பு, வேலை, பாஸ்போர்ட் எல்லாம் அதில் மாட்டிக்கொள்ளும். விளையாட்டாகக் கேட்டேன் என்று அவன் சொல்வதை யார் நம்புவார்? பெற்றோர்களே, பிள்ளை ஆன்லைனில் இப்படி ஏதும் வாங்கியிருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கருவியில் உண்மையான ஆர்வம் உள்ள தம்பிகளுக்கு நேர்வழி இருக்கிறது. அதுதான் ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலி. 12 வயது நிரம்பியவர் மத்திய அரசின் தேர்வு எழுதலாம். ஆரம்ப நிலைத் தேர்வில் மோர்ஸ் கிடையாது. 2004 டிசம்பரில் சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணி தம் ஹாம் கருவியால்தான் வெளியுலகுக்குச் செய்தி அனுப்பினார். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஹாம் உரிமம் தேறியவருக்கு உரியது, அறக்கட்டளைக்கு அல்ல. இருந்தாலும் நம் மஹல்லாவில் இரண்டு பேராவது தேற வேண்டும் என்பது எங்கள் ஆசை. கட்டணத்தை அறக்கட்டளை தரும், இன்ஷா அல்லாஹ். பெண் பிள்ளைகளும் பெயர் கொடுக்கலாம்.

செட்டுகள் திரும்பி வந்ததும் பதினாறில் நான்கை மட்டும் உபயோகிப்போம். 3 படகுக்கும் வண்டிக்கும், 6 சமையலுக்கு, 9 மருத்துவத்துக்கு, 12 அலுவலகத்துக்கு. வேறு யாராவது அந்தச் சேனலில் இருந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். இருக்கலாம்; அது எல்லோருக்கும் பொதுவான இடம். அப்போது ஒவ்வொரு குழுவும் அடுத்த எண்ணுக்குப் போகும், 3 என்றால் 4. இந்த எண்களைச் சிறு அட்டையில் அச்சிட்டுச் செட்டின் பின்னால் ஒட்டுவோம்.

அடுத்த ஞாயிறு அஸருக்குப் பின் மதரஸா மொட்டை மாடியிலிருந்து ஏரிக்கரை வரை எதுவரை கேட்கிறது என்று நடந்து பார்க்கிறோம். பெண்கள் பகுதிக்கு இரண்டு செட்டுகள் ஒதுக்கியிருக்கிறோம். அவற்றை ஏற்கும் சகோதரிகள் வெள்ளிக்கிழமைக்குள் அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள்.