பெயின்டருக்கு எந்த நாள் ஓய்வு?

(பொதுக்குழுக் கூட்டத்தில் வெளிச்சுவர் பெயின்டிங் பற்றிப் பேசியதன் எழுத்து வடிவம்)

நிர்வாகக் குழு எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறது. நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

வெளிச்சுவரில் இன்னும் 15,000 சதுர அடி மிச்சம். சென்னையில் வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் ஆரம்பித்துவிடும். அதற்குள் நம் கையில் இருப்பது, வருகிற திங்கட்கிழமையிலிருந்து 20 நாள். நடுவில் ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, ஆயுத பூஜை. அன்று பிரஷ்ஷுக்கே பொட்டு வைத்துவிடுவார்கள், யாரும் தொடமாட்டார்கள். கான்ட்ராக்டர் சொல்லும் வழி, ஞாயிறு லீவை எடுத்துவிடலாம் என்பது. ஆட்களும் சம்மதம் என்கிறார். நாம் தலையாட்டுவதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஓய்வு எடுத்துவிட்டு வரும் குழு முதல் நாள் 1,000 சதுர அடி அடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாளும் 1,000. மூன்றாம் நாள் 900, பிறகு 800, 700, 600. ஏழாம் நாளிலிருந்து 500. இவை கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். சூப்பர்வைசர் தினமும் எழுதும் நோட்டை எட்டு நாள் பார்த்தால் உண்மையான எண்கள் கிடைத்துவிடும். ஆனால் களைப்பு ஏற ஏற வேலை குறையும் என்பதற்கு நோட்டு வேண்டாம். பால்கனியில் நின்று பார்த்தாலே தெரியும்.

இந்த எண்களை வைத்து, ஆயுத பூஜை தவிர ஓய்வே இல்லை என்றால் 20 நாளில் முடிவது 13,500 சதுர அடி. இரண்டு ஞாயிறும் பூஜை நாளும் லீவு என்றால் 14,700. ஓய்வு கொடுத்த கணக்கில்தான் வேலை அதிகம். ஆனால் அதிலும் 300 சதுர அடி துண்டு விழுகிறது. ஓய்வு வேண்டுமா என்பது முடிந்த கேள்வி; எந்த நாளில் என்பதுதான் மிச்சம்.

பூஜை நாளைத் தள்ளிவிட்டு மிச்சமுள்ள 19 நாளும், ஒவ்வொன்றும் வேலை நாளாகவோ ஓய்வு நாளாகவோ இருக்கலாம். அப்படிப் பார்த்தால் 5,24,288 வகை அட்டவணை வரும். அத்தனையையும் யார் போட்டுப் பார்ப்பது? இங்கேதான் டைனமிக் புரோகிராமிங் என்ற முறை உதவுகிறது. 1950-களில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் ரிச்சர்ட் பெல்மன் என்ற கணிதவியலாளர் உருவாக்கியது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். 'ஆராய்ச்சி' என்ற சொல்லே பிடிக்காத பாதுகாப்பு அமைச்சர் ஒருவர் கண்ணில் படாமல் இருக்கத்தான் இப்படிப் பெயர் வைத்தேன் என்று அவரே எழுதியிருக்கிறார்.

முறை எளிது. ஒரு நாள் காலையில் முடிவெடுக்க இரண்டு விவரம் போதும்: இன்னும் எத்தனை நாள் இருக்கிறது, குழு எத்தனை நாள் தொடர்ச்சியாக வேலை செய்திருக்கிறது. அதற்கு முந்தைய கதை எதுவும் வேண்டாம். கணக்கைக் கடைசி நாளிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும்.

பதினெட்டாம் நாள் காலை என்று வையுங்கள். மூன்று நாள் மிச்சம். குழு நான்கு நாள் தொடர்ந்து வேலை செய்திருக்கிறது. மூன்று நாளும் வேலை வாங்கினால் 700, 600, 500, ஆக 1,800. இன்று ஓய்வு கொடுத்துவிட்டு இரண்டு நாள் மட்டும் வாங்கினால் 2,000. மூன்று நாளில் ஒரு நாளை விட்டுக்கொடுத்தும் லாபம்! அதே காலையில் குழு இரண்டு நாள்தான் வேலை செய்திருக்கிறது என்றால் 900, 800, 700, ஆக 2,400, வேலையே நடக்கட்டும். இந்த விடைகளைக் கட்டம் போட்டு எழுதிவையுங்கள். பதினேழாம் நாளுக்கு வரும்போது பதினெட்டை மறுபடி யோசிக்க வேண்டாம். இன்றைய வேலையையும் நாளைய கட்டத்தில் எழுதியிருப்பதையும் கூட்டி, ஓய்வோடு ஒப்பிட்டால் போதும். இப்படி முதல் நாள் வரை வந்தால் மொத்தம் 210 கட்டம். எக்செல் ஷீட்டில் ஒரு சாயங்கால வேலை.

விடை: நான்காம் நாள் ஓய்வு, ஒன்பது பூஜை, பதினைந்தாம் நாள் ஓய்வு. மொத்தம் 15,400 சதுர அடி.

பதினைந்தாம் நாள் திங்கட்கிழமை. முந்தின நாள் ஞாயிறு. ஞாயிறுக்கு மாற்றினால் 15,300 ஆகிறது, 100 சதுர அடிதான் நஷ்டம். பெயின்டர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் பள்ளி லீவு. ஆகவே கணக்கு திங்கள் என்றாலும் என் சிபாரிசு ஞாயிறு. ஏழாம் நாள் ஞாயிறு மட்டும் வேலை நடக்கும். அன்று காலை ஜன்னல் திரையை மூடிக்கொள்ளுங்கள்.

மழை முன்னாலேயே வந்தால்? சரியான கேள்வி. பன்னிரண்டாம் நாள் கொட்டித் தீர்த்தது என்று வையுங்கள். ஞாயிறு லீவைப் பிடித்துக்கொண்டே போனால் 14,600-தான் வரும். மழை நாளையே ஓய்வாக எடுத்துக்கொண்டு, அடுத்த ஓய்வைப் பதினேழுக்குத் தள்ளினால் 15,200. புதிதாகக் கணக்குப் போட வேண்டியதில்லை. அன்றைய கட்டத்தில் விடை ஏற்கெனவே இருக்கும். ஷீட்டை செக்யூரிட்டி மேசைக்கு மேலே ஒட்டச் சொல்கிறேன். இன்னொரு முழு நாளும் மழை என்றால், அது எந்த நாள் என்பதைப் பொறுத்து, எந்தக் கணக்கும் நம்மைக் காப்பாற்றாமல் போகலாம்; அப்போது மேற்குச் சுவர் ஜனவரிக்குத்தான்.

என் கணக்கில் சதுர அடி மட்டும்தான் இருக்கிறது. ஆறாம் மாடிக்கு வெளியே கயிற்றுப் பலகையில் உட்கார்ந்திருப்பவரின் பத்தாம் நாள் கை நடுக்கம் அதில் இல்லை. கான்ட்ராக்டர் சொன்னபடி போனால் பூஜைக்குப் பிறகு 11 நாள் தொடர் வேலை. ஆலைக்குள் வேலை செய்பவர்களுக்கு வாராந்திர லீவை மாற்றிக் கொடுக்கும்போதுகூட, பத்து நாளுக்கு மேல் தொடரக் கூடாது என்று 1948 தொழிற்சாலைச் சட்டம் வரம்பு வைத்தது.

"ஆட்களே லீவு வேண்டாம் என்கிறார்கள்" என்பதும் பொய்யாக இருக்காது. அவர்கள் தினக்கூலி. நாம் கான்ட்ராக்டருக்குச் சதுர அடிக் கணக்கில் கொடுக்கிறோம், அவர் ஆட்களுக்கு நாள் கணக்கில் கொடுக்கிறார். லீவு என்றால் அன்று வீட்டில் அடுப்பு யோசிக்கும். கூலி இல்லாத ஓய்வை நாம் அட்டவணையில் எழுதினால், அவர்கள் அந்த நாளில் வேறு கட்டடத்தில் தொங்குவார்கள். மறுநாள் இங்கே 1,000 சதுர அடி எதிர்பார்த்து நாம் நின்றுகொண்டிருப்போம்.

எனவே பூஜை நாளையும் சேர்த்து மூன்று ஓய்வு நாளுக்கும், மழையால் வேலை நிற்கும் நாளுக்கும், சங்கமே ஆட்களிடம் நேரடியாகக் கூலியைக் கொடுக்க வேண்டும் என்று தீர்மானம் முன்வைக்கிறேன். பணம் பராமரிப்பு நிதியிலிருந்து. பொருளாளர் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இப்போதே சொல்லிவிடலாம். மற்றவர்கள், சம்மதம் என்றால் கையைத் தூக்குங்கள்.